ஏறுவதற்காக இறங்குகிறவர்கள்

என் கைப்பேசியில் 40 விநாடி நீளமுள்ள ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ஒரு நாள் நடைதூரத்தில், லொபுச்சே என்ற சிற்றூரில், கடந்த ஏப்ரலில் பதிவு செய்தது. "வணக்கம் நேயர்களே, கடல் மட்டத்திலிருந்து 4,940 மீட்டர் உயரத்தில் இருந்து உங்களோடு பேசுகிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய வரிதான். காலை நிகழ்ச்சியில் இதைவிட இரண்டு மடங்கு நீளமான விளம்பர வாசகங்களை நிறுத்தாமல் படித்துப் பழகியவள் நான். ஆனால் அந்தப் பதிவில் 'வணக்கம்' ஒரு மூச்சு, 'நேயர்களே' இன்னொரு மூச்சு, எண்ணைச் சொல்வதற்குள் மூன்றாவது மூச்சு. பதிமூன்று ஆண்டு வானொலி அனுபவமும் அந்தக் காற்றிடம் செல்லுபடியாகவில்லை.

அதை நான் இன்றுவரை ஒலிபரப்பவில்லை. மூச்சு வாங்கியதற்காக வெட்கப்பட்டு அல்ல. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எவரெஸ்ட் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது 1997-இல். அந்த ஆண்டு மே 23-ஆம் தேதி மகேந்திரனும் மோகனதாசும் சிகரத்தில் நின்றார்கள். எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் இருவருமே நம்மவர்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா நாளிதழில் வந்த படத்தைக் கத்தரித்து, கிள்ளான் வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். "எப்படிப்பா ஏறினாங்க?" என்று கேட்டேன். "நடந்துதான்" என்றார். சின்ன வயதில் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

நடந்துதான் ஏறுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். நேப்பாளப் பக்கத்து அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. சிகரம் 8,848.86 மீட்டர். நடுவில் உள்ள உயரம் மூன்றரை கிலோமீட்டர். வழித்தூரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் தூரம்கூட இல்லை. இதற்குப் போய் ஒரு சாதாரணக் குழு ஏறத்தாழ இரண்டு மாதம் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு மாதத்தில் பாதி நாட்கள் மலையேறிகள் ஏறுவதே இல்லை. இறங்குகிறார்கள், அல்லது கூடாரத்தில் படுத்திருக்கிறார்கள். ஏன் என்பதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் வழிகாட்டி.

ஐம்பதை நெருங்கும் ஷெர்பா அவர். நேப்பாளியில் அண்ணனை 'தாய்' என்று அழைப்பார்கள். நாங்கள் நான்கு மலேசியத் தமிழர்கள் (என் தம்பி, இரு தோழிகள், நான்) ஒரு மீசைக்காரரைப் பத்து நாள் 'தாய், தாய்' என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தோம். எங்கள் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று சொன்னதும் அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு நாங்கள் வேகமாக நடக்கும்போதெல்லாம், "தாய் சொல்வதைக் கேட்க வேண்டாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார். மெதுவாக, மெதுவாக.

உயரே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். சரியாகச் சொன்னால், காற்றில் ஆக்சிஜனின் பங்கு மாறுவதில்லை. கோலாலம்பூரிலும் 21 விழுக்காடு, எவரெஸ்ட் உச்சியிலும் 21 விழுக்காடு. குறைவது காற்றின் அழுத்தம். நமக்கு மேலே இருக்கும் காற்றின் எடைதான் ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளுகிறது. அடிவார முகாமில் அந்த அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. உச்சியில் மூன்றில் ஒரு பங்கு.

பழக்கமே இல்லாத உடலை நேராக அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும்? 1875-இல் பிரான்சில் மூன்று பேர் அதைத் தெரியாமலே சோதித்துப் பார்த்தார்கள். 'ஜெனித்' என்ற பலூனில் சுமார் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். மூவரும் மயங்கினார்கள். பலூன் தானாக இறங்கியபோது உயிரோடு இருந்தவர் காஸ்தோன் திசாந்தியே ஒருவர்தான், அவருக்கும் செவித்திறன் போய்விட்டது. ஆனால் 1978 மே 8-ஆம் தேதி ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமலே எவரெஸ்ட் உச்சியில் நின்று, தங்கள் கால்களாலேயே இறங்கியும் வந்தார்கள். பலூன்காரர்களின் உடலுக்கு ஒரு பகல்கூடக் கிடைக்கவில்லை. இவர்களின் உடலுக்குப் பல வாரங்கள் கிடைத்தன.

அந்த வாரங்களில் உடலுக்குள் நடப்பது ஒரு வேலை அல்ல, பல வேலைகள். முதலில் மூச்சு. உயரத்தை உணர்ந்ததுமே நாம் வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் தன்மை மாறுகிறது. உடனே மூளை, 'போதும், மெதுவாக விடு' என்று தடை போடுகிறது. ஆக்சிஜன் வேண்டும் என்று ஒரு குரல், மூச்சைக் குறை என்று இன்னொரு குரல். இந்த இழுபறி இரவில்தான் நன்றாகத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் தூங்கும் தம்பியின் மூச்சு பத்து விநாடி நின்றுவிடும். நான் எழுந்து உட்கார்ந்து எண்ணுவேன். திடீரென ஆழமாக இழுத்து மறுபடி தொடங்குவான். நாம்ச்சே பசாரில் முதல் இரவு இதைக் கேட்டு நான் தூங்கவே இல்லை. மறுநாள் அவன் சொன்னான்: "அக்கா, நீயும் அப்படித்தான் விட்ட. நான் பயத்துல எழுப்பலாமான்னு பார்த்தேன்."

இந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பது சிறுநீரகம். சில நாட்கள் எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் சேர்ந்த காரத்தைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. அதனால்தான் மலையில் இரவில் நான்கைந்து தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. உறையும் குளிரில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடும்போது, உடல் சரியாக வேலை செய்கிறது என்று மகிழ்ச்சியடையத் தோன்றாது. தாய் மட்டும் காலையில் ஒவ்வொருவரிடமும், "எத்தனை தடவை?" என்று கேட்டு, எண்ணைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டுவார். மலைக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கும் டயமாக்ஸ் மாத்திரை செய்வதும் இதையேதான். சிறுநீரகத்தின் வேலையைக் கொஞ்சம் விரைவுபடுத்துகிறது.

மூன்றாவது, ரத்தம். ஆக்சிஜன் குறைந்ததும் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜையிடம் சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கச் சொல்கிறது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்த முடியாத வேலை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடல் பழகிக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் 5,500 மீட்டருக்கு மேல் நீண்ட நாள் தங்கினால் பசி போகும், தூக்கம் போகும், தசை கரையும், சிறு காயம்கூட ஆறாது. 8,000 மீட்டருக்கு மேல் உடல் மணிக்கணக்கில் தேய்கிறது. அதனால்தான் அதை மரண மண்டலம் என்கிறார்கள். பழகுவதற்கு மேலே போக வேண்டும், மேலேயே இருந்தால் பழுதாகிவிடும். மலையேறிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி: உயரே ஏறு, தாழ்வில் தூங்கு.

எங்களைப் போன்ற நடைப்பயணிகளுக்கு அது சின்ன அளவில். நாம்ச்சே 3,440 மீட்டர். அங்கே இரண்டு இரவு. நடுவில் உள்ள 'ஓய்வு' நாளில் 400 மீட்டர் மேலே ஏறி, தேநீர் குடித்துவிட்டு அதே படுக்கைக்குத் திரும்ப வேண்டும். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "ஏறின மலையை எதுக்கு இறங்கணும்?" என்றான். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு அதிகமாகக் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

சிகரத்துக்குப் போகிறவர்களுக்கு இதே விதி பெரிய அளவில். ஏப்ரல் தொடக்கத்தில் லுக்லாவிலிருந்து எங்களைப் போலவே நடந்து அடிவார முகாமுக்கு வருகிறார்கள். அங்கே பூஜை நடக்கும். லாமா வந்து மந்திரம் ஓத, பனிக்கோடரியையும் காலணி முட்களையும் கல் மேடையில் சாய்த்து வைத்து, மலையிடம் அனுமதி கேட்பார்கள். ஆயுத பூஜை செய்யும் நமக்கு விளக்கம் தேவைப்படாத சடங்கு. அது முடியாமல் ஷெர்பாக்கள் பனியருவிக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

கும்பு பனியருவி என்பது, செங்குத்தான சரிவில் இறங்கும் பனியாறு உடைந்து வீடு உயரப் பாளங்களாகக் கிடக்கும் இடம். ஆழமான பிளவுகளுக்குக் குறுக்கே அலுமினிய ஏணிகள். பாளங்கள் அசையும் என்பதால் வெயில் ஏறுமுன், விடியற்காலை இருட்டிலேயே அதைக் கடந்துவிடுவார்கள். கடந்தால் 6,000 மீட்டரைத் தாண்டி முதல் முகாம், அதற்கு மேல் 6,400 மீட்டரில் இரண்டாம் முகாம். அங்கே சில இரவுகள் தூங்கிவிட்டு மீண்டும் அடிவாரம். சில நாள் ஓய்வு. மறுபடி பனியருவி, இரண்டாம் முகாம், அங்கிருந்து லோட்சே பனிச்சுவரில் கயிற்றைப் பிடித்து 7,200 மீட்டர் அளவிலுள்ள மூன்றாம் முகாமைத் தொட்டுவிட்டு மீண்டும் அடிவாரம். இந்தப் போய்வரவுகளில் யாரும் சிகரம் பக்கமே போவதில்லை. ரத்தத்துக்குப் பாடம் நடத்தப் போய்வருகிறார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் முடிந்ததும் இன்னும் கீழே இறங்குகிறார்கள். டிங்போச்சேயில் (4,410 மீட்டர்) நாங்கள் தங்கிய விடுதியின் முற்றத்தில் மலையேறிகள் சிலர் வெயிலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். தாடியும் தோலுரிந்த மூக்குமாக, ரொட்டியை வெளுத்து வாங்கிக்கொண்டு. "இவங்கதான் எவரெஸ்ட் ஏறப் போறாங்களா?" என்று என் தோழி நம்பாமல் கேட்டாள். கனமான காற்றில் நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, கரைந்த தசையைக் கொஞ்சம் மீட்டுக்கொள்வதும் ஏற்றத்தின் ஒரு பகுதி என்றார் தாய்.

பிறகு காத்திருப்பு. ஆண்டின் பெரும்பகுதி எவரெஸ்ட் உச்சி, ஜெட் விமானங்கள் பறக்கும் உயரத்துப் பெருங்காற்றுக்குள் இருக்கிறது. பருவமழை நெருங்கும்போது, மே நடுவிலும் கடைசியிலும், அந்தக் காற்று விலகிச் சில நாள் இடைவெளி கிடைக்கும். அப்போது கடைசி ஏற்றம். மூன்றாம் முகாமிலிருந்து பெரும்பாலோர் ஆக்சிஜன் முகமூடி அணிகிறார்கள். 7,900 மீட்டரில் சவுத் கோல் என்னும் நான்காம் முகாம். அங்கிருந்து இரவில் கிளம்பி, காலையில் உச்சி. எத்தனை மணி ஆனாலும் திரும்பிவிட வேண்டும் என்று முன்பே ஒரு நேரம் குறித்துக்கொள்வார்கள். 1996 மே 10-ஆம் தேதி பலர் அந்த நேரத்தைக் கடந்தும் ஏறினார்கள். மாலையில் புயல் பிடித்தது; எட்டுப் பேர் இறந்தார்கள். நம் மகேந்திரனும் மோகனதாசும் அங்கே போனது அதற்கு அடுத்த ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அப்பா ஒட்டிய படத்தில் அது தெரியவில்லை.

நன்றாகப் பழகிய உடல் அங்கே எந்த நிலையில் இருக்கும்? 2007-இல் பிரிட்டிஷ் மருத்துவர் குழு ஒன்று உச்சியைத் தொட்டு இறங்கும் வழியில், 8,400 மீட்டரில் முகமூடியைக் கழற்றி வைத்து, தங்கள் தொடையிலிருந்தே ரத்தம் எடுத்தது. அதை ஒரு ஷெர்பா இரண்டு மணி நேரத்துக்குள் 6,400 மீட்டர் முகாமில் இருந்த ஆய்வுக் கருவியிடம் கொண்டு சேர்த்தார். ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு சராசரி 54 விழுக்காடு. கோவிட் காலத்தில் நம் வீடுகளில் எல்லாம் விரலில் மாட்டிப் பார்த்த அந்தச் சின்னக் கருவி நினைவிருக்கிறதா? அப்போது 94-க்குக் கீழே போனாலே நமக்குக் கை நடுங்கியது.

அந்தக் கருவியை நானும் எடுத்துப் போயிருந்தேன். லொபுச்சேயில் எனக்கு 83 காட்டியது. தம்பிக்கு 71.

இனி தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் நால்வரில் உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தினமும் போகிறவன் அவன்தான். பயணத்துக்காகப் பத்துமலையின் 272 படிகளை ஒரே காலையில் பத்துத் தடவை ஏறி இறங்கியவன். நான் மூன்றாவது தடவையிலேயே இளநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உயரம் உடற்கட்டைப் பார்ப்பதில்லை. வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள் என்பதாலேயே பல நேரம் அவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிங்போச்சேயிலேயே அவனுக்குத் தலைவலி. எங்களிடம் சொல்லாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். லொபுச்சேயில் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன நெத்திலி சம்பலைக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். "குளிருக்கா, வேற ஒண்ணும் இல்லலா" என்றான். விரலில் மாட்டிய கருவியைப் பார்த்து, "குளிர்ல தப்பாக் காட்டும்" என்றான். குளிரில் அது தப்பாகவும் காட்டும் என்பது உண்மைதான். நானும் நம்ப விரும்பினேன். மறுநாள் அடிவார முகாம். அங்கிருந்து குரல் பதிவு கொண்டுவருவேன் என்று நேயர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

தாய் எதையும் வாதிடவில்லை. சாப்பாட்டு அறையின் பலகைத் தரையில் ஒரு கோட்டைக் காட்டி, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து ஐந்தடி நடக்கச் சொன்னார். தம்பி சிரித்துக்கொண்டே எழுந்தான். இரண்டாவது அடியில் சுவரைப் பிடித்தான். மறுபடி முயன்றான், மேசையில் சாய்ந்தான். பியர் குடித்தவனைப் போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

தலைவலி, குமட்டல், சோர்வு மட்டும் என்றால் அது சாதாரண உயர நோய். அதே இடத்தில் தங்கினால் பெரும்பாலும் சரியாகும். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளை வீங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்து, இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவது. விடியட்டும் என்று காத்திருந்தால் விடியாமலே போகலாம்.

இரவு எட்டரைக்குக் கிளம்பினோம். தாயும் ஒரு சுமைதூக்கியும் தம்பியை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். பின்னால் அவன் பையோடு நான். நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் பார்த்துப் பார்த்து, தூக்லா இறக்கத்தைக் கடந்து பெரிச்சே போய்ச் சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இமயமலை மீட்புச் சங்கம் 1973 முதல் அந்த ஊரில் ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்துகிறது. கதவைத் தட்டியதும் திறந்தார்கள். ஆக்சிஜன், ஓர் ஊசி. விடிவதற்குள் தம்பி என் பெயரைச் சரியாகச் சொன்னான். காலை பத்து மணிக்குப் பசிக்கிறது என்றான்.

நாங்கள் அடிவார முகாமைப் பார்க்கவில்லை. தோழிகள் மட்டும் துணை வழிகாட்டியோடு போய் வந்தார்கள்.

இறங்கும் வழியில் தாயிடம் நிறையக் கேட்டேன். உயரத்தில் பழகுவதற்காக வெளிநாட்டார் இரண்டு மூன்று முறை பனியருவியைக் கடக்கிறார்கள். அவர்களுக்கான கூடாரம், உணவு, கயிறு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஷெர்பாக்கள் அதைவிடப் பல மடங்கு தடவை கடக்கிறார்கள். 2014 ஏப்ரல் 18-ஆம் தேதி அங்கே பனிப்பாளம் சரிந்து இறந்த 16 பேரும் நேப்பாளத் தொழிலாளர்கள்தாம். அதற்குப் பிறகு பல குழுக்கள் முதல் பழக்கத்தை 6,119 மீட்டர் உயர லொபுச்சே கிழக்குச் சிகரத்தில் முடித்துக்கொண்டு, பனியருவிப் பயணத்தைக் குறைக்கின்றன. சிலர் வீட்டிலேயே ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கிப் பழகிவிட்டு வருகிறார்கள். 2025 மே மாதம் பிரிட்டனைச் சேர்ந்த நான்கு பேர் அப்படிப் பழகி, செனான் வாயுவையும் சுவாசித்துவிட்டு, லண்டனிலிருந்து கிளம்பிய ஒரு வாரத்துக்குள் உச்சியை அடைந்தார்கள். அந்த வாயு உதவியதா, கூடாரம் உதவியதா என்று மருத்துவர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தாயிடம் இதைச் சொன்னபோது, "நல்லதுதான், எங்களுக்கு மூட்டை குறையும்" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கினபாலு அழைத்துப் போகும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். ஆகவே இதைச் சொல்லிவிடுகிறேன். திம்போஹோன் வாயில் 1,866 மீட்டர். இரவு தங்கும் லபான் ராத்தா 3,272 மீட்டர். மறுநாள் விடியலில் லோவ் சிகரம் 4,095 மீட்டர். எவரெஸ்ட் வழியில் பல நாட்களில் ஏறும் உயரத்தை நாம் ஒன்றரை நாளில் ஏறுகிறோம். சீக்கிரம் இறங்கிவிடுவதால் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள். முடிந்தால் முதல் நாள் இரவைப் பூங்காத் தலைமையகத்திலேயே கழியுங்கள். இரவில் பிள்ளை தலைவலி என்றால், வாந்தி எடுத்தால், 'அவ்வளவு பணம் கட்டியிருக்கோம்' என்று சொல்லி உச்சிக்குக் கிளப்பாதீர்கள். கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

ஊர் திரும்பிய மறுவாரம் அப்பா அந்த ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும் என்றார். தம்பி பக்கத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதை நான் அதுவரை முழுதாகக் கேட்டிருக்கவில்லை. என் மூச்சிரைப்பு முடிந்ததும், கடைசி ஐந்து விநாடியில் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்: "அக்கா, போதும், உள்ள வா." நான்கே சொற்கள். நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்திருந்தன. கோட்டில் நடந்து பார்த்ததற்கு மூன்று மணி நேரம் முன்பு பதிவானது அது. குரலைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவள், அவனுக்கு ஐந்தடி தூரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டார்.

"கடைசியில பேசறது யாரும்மா? உங்க வழிகாட்டியா?"

"நான்தான்பா" என்றான் தம்பி.